நீரிறைக்கும் பம்பிகளைக் கல்வானி அரிப்பிலிருந்து காத்தல்

கண்டி நகரை மூன்று பக்கங்களிலும் சுற்றிக்கொண்டு மகாவலி கங்கை ஓடுகின்றது. அதன் கரைகளிலும், அதிற் சென்று விழும் பிங்கா ஓயா, ஹுலு கங்கை போன்ற நீரோடைகளின் ஓரங்களிலும், குண்டசாலை, தெல்தெனியா, பேராதனை ஆகிய பகுதிகளின் விவசாயக் கிணறுகளிலும் பம்பிகளைக் கொண்டு நீரிறைக்கும் கமக்காரர் பலர். சிறுபோகத்தில் நெல்லுக்கு வேண்டிய நீர் கிடையாத வயல்களிற் போஞ்சி, தக்காளி, கறிமிளகாய், கத்தரி முதலிய மரக்கறிகளைச் செய்கை பண்ணுவோருக்குப் பம்பியே உயிர்நாடியாகும்.

நெற்பயிர் பூக்கும் காலத்திலும், தக்காளி பூத்துக் காய்பிடிக்கும் காலத்திலும் சில நாட்கள் நீர் தவறினாலும் விளைச்சல் பெரிதுங் குறைந்துவிடும். அவ்வேளையிற் பம்பி பழுதடைந்தால், அதனைத் திருத்துவதற்கான செலவிலும் பயிரில் ஏற்படும் நட்டமே அதிகமாகும். எஞ்சின் நன்றாக ஓடியும் நீர் ஏறாமற் போகும் பழுதுகளுட் சிலவற்றுக்கு, நீருக்குள் இருக்கும் உலோகப் பாகங்கள் ஒன்றையொன்று அரித்துக்கொள்ளுதலே காரணமாகும். இதனைக் கல்வானி அரிப்பு என்பர். இவ்வரிப்பு எவ்வாறு உண்டாகின்றது, எவ்விடத்தில் உண்டாகின்றது, அதனைத் தடுக்கும் வழிகள் எவை என்பன கீழே விளக்கப்படுகின்றன.

கல்வானி அரிப்பு என்றால் என்ன?

இரும்பு ஈரத்திற் கிடந்தாற் துருப்பிடிக்கும் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் அதே இரும்பு பித்தளையோடு அல்லது செம்போடு பொருந்தி நீரில் இருக்குமாயின் மிக விரைவில் அரிக்கப்படும். இரு வேறு உலோகங்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு நீரில் அமிழ்ந்திருக்கும்போது, அவை ஒரு சிறிய மின்கலமாக இயங்குகின்றன. உலோகங்கள் தொடுமிடத்தின் வழியாக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்னோட்டம் செல்கின்றது. நீர் அம்மின்சுற்றைப் பூர்த்தியாக்குகின்றது. இவ்விரண்டனுள் ஒன்று கரைந்து தேய்கின்றது. மற்றையது பாதுகாக்கப்படுகின்றது.

இத்தாலிய அறிஞர் கல்வானி, இரு வேறு உலோகங்களாற் தொடப்பட்ட தவளைக் கால் துடிப்பதைக் கண்டு 1791ஆம் ஆண்டில் அதுபற்றி எழுதினார். அந்நாட்டவராகிய வோல்ற்றா, அத்துடிப்புக்குக் காரணம் இரு உலோகங்களின் சேர்க்கையே எனக் கருதி, 1800ஆம் ஆண்டில் நாகத்தையும் செம்பையும் அல்லது வெள்ளியையும் அடுக்கடுக்காக வைத்து முதல் மின்கலவடுக்கை அமைத்துக் காட்டினார். அக்கலவடுக்கில் நடந்ததே, இன்று பம்பிக் குழாயின் பொருத்திலும் நடைபெறுகின்றது.

எந்த உலோகம் தேயும், எந்த உலோகம் தப்பும் என்பது அவற்றின் வரிசையைப் பொறுத்தது. பொதுவாக அவ்வரிசை பின்வருமாறு அமையும்: மகனீசியம், நாகம், அலுமினியம், இரும்பும் உருக்கும், ஈயம், வெள்ளீயம், பித்தளை, செம்பு, வெண்கலம், துருப்பிடிக்காத உருக்கு, காரீயம். இவற்றுள் எவையேனும் இரண்டு சேரும்போது, முன்னே நிற்பது தேயும். பின்னே நிற்பது தப்பும். வரிசையில் இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் கூடக்கூட அரிப்பின் வேகமும் பொதுவாகக் கூடும்.

எளிய பரிசோதனை ஒன்று

மூன்று கண்ணாடிக் குவளைகளில் நீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை உப்பு இட்டுக் கரைக்க வேண்டும். நன்கு தேய்த்துத் துலக்கிய மூன்று இரும்பு ஆணிகளை எடுத்து, முதலாவதை அவ்வாறே ஒரு குவளையில் இடுதல் வேண்டும். இரண்டாவது ஆணியிற் செப்புக்கம்பியை இறுகச் சுற்றி இரண்டாவது குவளையில் இடவேண்டும். மூன்றாவது ஆணியில் நாகமுலாம் பூசிய கம்பியை இறுகச் சுற்றி மூன்றாவது குவளையில் இடவேண்டும். ஒரு வாரஞ் சென்றபின் பார்த்தால், செப்புக்கம்பி சுற்றிய ஆணியில் துரு மிகுந்திருக்கும். நாகக்கம்பி சுற்றிய ஆணி, கம்பியை அடுத்த இடங்களிலேனும் பெரும்பாலும் துருவின்றி இருக்கும். செம்பு இரும்பை அழிக்கின்றது, நாகம் தன்னை அழித்து இரும்பைக் காக்கின்றது என்னும் இரு உண்மைகளையும் இப்பரிசோதனை ஒருங்கே காட்டும்.

மரக்கறிச் செய்கையாளர் இதனை வேறொரு வகையிலும் அறிவர். போர்டோக் கலவையை இரும்புப் பாத்திரத்திலோ நாகமுலாம் பூசிய வாளியிலோ கலத்தல் கூடாது என்பது பழைய விதி. கலவையிற் சுண்ணாம்பு போதுமோ என்று பார்ப்பதற்குத் துலக்கிய கத்தியொன்றை அதில் தோய்ப்பர். கத்தியிற் செந்நிறம் படிந்தால் இன்னுஞ் சுண்ணாம்பு சேர்ப்பர். அச்செந்நிறம் இரும்பு கரைந்த இடத்தில் வந்து படிந்த செம்பேயாகும். கல்வானி அரிப்புக்கு அடிப்படையான குணம் அங்கே கண்முன் தெரிகின்றது.

கப்பல்கள் கற்பித்த பாடம்

இவ்வரிப்பினால் முதலிற் பெரும் நட்டமடைந்தவர் மாலுமிகளே. பிரித்தானியக் கடற்படை 1761ஆம் ஆண்டில் ‘அலாம்’ என்னும் போர்க்கப்பலின் அடிப்பாகம் முழுவதையும் செப்புத் தகட்டினால் மூடியது. மரத்தைத் துளைக்கும் கடற்புழுவைத் தடுப்பதே அதன் நோக்கம். கப்பல் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று திரும்பிய பின் 1763இற் சோதித்தபோது, தகடுகள் நன்றாக இருந்தன. ஆனால் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் பல அரிக்கப்பட்டிருந்தன. தகடுகளைச் சுற்றி வந்த கபிலநிறக் காகிதம் தற்செயலாக ஆணிக்கும் செம்புக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்ட இடங்களில் மாத்திரம் ஆணிகள் பழுதின்றிக் கிடந்தன. இரு உலோகங்களையும் தொடவிடாமற் பிரித்தால் அரிப்பு நின்றுவிடும் என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடம்.

1824ஆம் ஆண்டில் இங்கிலாந்து அறிஞர் ஹம்பிரி டேவி மற்றொரு வழியைக் காட்டினார். செப்புத் தகட்டோடு சிறிதளவு நாகத்தையோ இரும்பையோ பொருத்தினால், அச்சிறு துண்டு தேய, செம்பு கரையாமல் நிற்கும் என அவர் நிறுவினார். இன்று கடலோடும் படகுகளில், நீருக்குள் நிற்கும் உந்துதண்டிலும் சுழல்விசிறியின் அருகிலும் நாகத்துண்டு பூட்டப்பட்டிருப்பது இம்முறையின்படியே. வெண்கல விசிறிக்கும் உருக்குத் தண்டுக்கும் அலுமினிய உறைக்கும் வரவேண்டிய அழிவை அந்நாகத்துண்டு தான் ஏற்றுக்கொள்கின்றது. துண்டு தேய்ந்தவுடன் புதியதொன்றை மாற்றிவிடுவர். விலைமிகுந்த பாகம் தப்பிவிடும்.

பம்பியில் அரிப்பு உண்டாகும் இடங்கள்

படகின் நீரடிப் பாகங்களுக்கும் பம்பியின் நீரடிப் பாகங்களுக்கும் இவ்வகையில் வேறுபாடு சிறிதே. கமக்காரர் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய இடங்கள் நான்கு.

முதலாவது, உறிஞ்சுகுழாயின் அடியிலுள்ள புட் வால்வு. பித்தளையாற் செய்த வால்வை நாகமுலாம் பூசிய இரும்புக் குழாயிற் பூட்டும்போது அரிப்புக்கு இடமுண்டாகின்றது. குழாயிற் புரி வெட்டும்பொழுது அவ்விடத்திலிருந்த நாகமுலாம் நீங்கிவிடுகின்றது. குழாய்ச் சுவரும் மெலிந்துவிடுகின்றது. 2 அங்குல நடுத்தரக் குழாயின் சுவர் சுமார் 3.6 மில்லிமீற்றர் தடிப்புடையது. புரியின் ஆழம் ஏறக்குறைய 1.5 மில்லிமீற்றர். ஆகவே புரியின் அடியில் எஞ்சுவது 2 மில்லிமீற்றர் அளவேயாகும். மிக மெலிந்த இடமும், முலாம் அற்ற இடமும், பித்தளையைத் தொடும் இடமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

இதனாலாகும் கேட்டைக் கணக்கிட்டு அறியலாம். ஆயிரத்தில் ஒரு பங்கு அம்பியர் மின்னோட்டம் ஓராண்டு முழுவதும் இடைவிடாது ஓடினாற் சுமார் 9 கிராம் இரும்பு கரையும். இது அற்பமாகத் தோன்றும். ஆனால் மேற்கூறிய குழாயின் புரியைச் சுற்றி 3 மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு பள்ளம் விழுந்து சுவர் முற்றாக அறுந்துபோவதற்கு அந்த 9 கிராமே போதும். மலைநாட்டு ஆற்றுநீரில் உப்புக் குறைவு. ஆகையால் மின்னோட்டம் தூரம் பரவாது, பொருத்தை அடுத்த சில சென்றிமீற்றருக்குள்ளேயே வேலை செய்யும். கடல்நீரிற்போல அரிப்பு வேகமாக நடவாது என்பது உண்மையே. எனினும் நடக்கும் அரிப்பு முழுவதும் ஒரே வளையத்தில் ஒடுங்கி நிற்பதால், குழாயின் மற்றைப் பகுதி புதிதுபோல் இருக்கும்போதே பொருத்து அறுந்துவிடக்கூடும்.

இரண்டாவது, பம்பியின் உடலும் உட்சக்கரமும். எடுத்துச் செல்லக்கூடிய சிறு பம்பிகள் பலவற்றின் உடல் அலுமினியக் கலப்புலோகத்தாற் செய்யப்பட்டது. அதனுள் வார்ப்பிரும்பு அல்லது பித்தளைச் சக்கரமும் உருக்குத் தண்டும் இருக்கும். நீர் உள்ளே தேங்கி நின்றால் அலுமினியமே தேயும். வெண்ணிறத் தூள் படிவது அதன் அடையாளமாகும்.

மூன்றாவது, பழைய வார்ப்பிரும்புப் பாகங்கள். வார்ப்பிரும்பினுள் காரீயம் மெல்லிய தகடுகளாகக் கலந்திருக்கின்றது. இலங்கையிற் போகலை, கஹட்டகஹ சுரங்கங்களில் வெட்டியெடுக்கப்படும் அதே காரீயமே இது. நாட்பட நீரிற் கிடக்கும்போது இரும்பு மாத்திரம் கரைந்து, காரீயம் அவ்வடிவிலேயே நின்றுவிடலாம். பார்வைக்குப் பாகம் முழுமையாகத் தோன்றும். கத்தியாற் சுரண்டினாற் கறுத்த தூளாக உதிரும். அத்தகைய பழைய உடலினுட் புதிய வார்ப்பிரும்புச் சக்கரத்தைப் பூட்டினால், பழைய உடலே புதிய சக்கரத்தை அரிக்கத் தொடங்கும்.

நான்காவது, ஆழ்குழாய்க் கிணற்றினுள் இறக்கும் மின்பம்பி. அதன் உறை பெரும்பாலும் துருப்பிடிக்காத உருக்காலானது. அதனோடு நேரே பூட்டப்படும் இரும்புக் குழாயின் கீழ்ப்புரி அரிக்கப்பட்டுப் பம்பியே கிணற்றினுள் அறுந்து விழ இடமுண்டு. நீர்மட்டத்துக்கு ஏற்ற வன்மையுள்ள பிளாத்திக்குக் குழாயும், பம்பியைத் தாங்குவதற்குத் தனியான கயிறும் இதற்குத் தக்க பரிகாரமாகும்.

அரிப்பை அறியும் விதம்

எஞ்சின் ஒழுங்காக ஓடியும் நீர் ஏறாவிடின் முதலில் எஞ்சினைக் கழற்றுதல் தகாது. உறிஞ்சுகுழாயையே முதலில் ஆராய்தல் வேண்டும். பம்பி ஓடும்போது நீர்மட்டத்துக்கு மேலேயுள்ள உறிஞ்சுகுழாயினுள் அமுக்கம் குறைந்திருக்கும். ஆகவே அங்கே துளை இருப்பின் நீர் வெளியே ஒழுகாது. காற்றே உள்ளே நுழையும். ஒழுக்கு இல்லை என்பதைக் கொண்டு குழாய் நல்லதென முடிவுசெய்வது தவறாகும். நீர்மட்டத்துக்குக் கீழே துளை இருப்பின் பம்பியை நிறுத்தியதும் குழாயிலுள்ள நீர் இறங்கிவிடும். ஒவ்வொரு முறையும் மீண்டும் நீர் நிரப்ப வேண்டியிருக்கும்.

நிலையாகப் பூட்டிய குழாய்களில் ஆற்றுநீர் உயர்ந்திருக்கும் மாதங்களில் நீருக்குள் மறைந்திருந்த துளை, வறண்ட காலத்தில் நீர் இறங்கியதும் வெளிப்பட்டுக் காற்றை இழுக்கத் தொடங்கலாம். பயிருக்கு நீர் மிக வேண்டிய காலத்திலேயே பம்பி கைவிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். ஆதலாற் சோதனையைப் போகம் தொடங்குமுன் செய்தல் வேண்டும்.

குழாயை வெளியே எடுத்து, புட் வால்வு கீழே நிற்கும்படி நிமிர்த்தி நீர் நிரப்பிச் சிறிது நேரம் விட்டுப் பார்த்தால் கசிவுள்ள இடம் தெரியும். பொருத்துகளை அடுத்துச் சிவந்த துருவளையம், பித்தளையிற் பச்சைப் படிவு, அலுமினியத்தில் வெண்தூள் என்பன எச்சரிக்கைக் குறிகளாகும். பித்தளையின் மஞ்சள் நிறம் மாறிச் செம்புபோற் சிவந்து, சுரண்டினால் உதிருமாயின், அதிலிருந்த நாகம் கரைந்துவிட்டது எனக் கொள்ளலாம். அத்தகைய வால்வைக் கழித்துவிடுதல் வேண்டும்.

தடுக்கும் முறைகள்

1. ஒரே இன உலோகங்களைச் சேர்த்தல். பாகங்களை வாங்கும்போதே இரும்புக் குழாய்க்கு இரும்பு வால்வும் இரும்பு இணைப்புகளும் தெரிந்தெடுத்தல் நன்று.

2. இரு உலோகங்களையும் பிரித்தல். பித்தளை வால்வுக்கும் இரும்புக் குழாய்க்கும் இடையிற் பிளாத்திக்கு இணைப்பொன்றைப் பூட்டினால் மின்சுற்று அறுபடும். உறிஞ்சுகுழாய் முழுவதும் பிளாத்திக்கு அல்லது இறப்பராயின் அச்சம் இன்னுங் குறையும். புரியிற் சுற்றும் வெள்ளை நாடாவும் சணலும் நீர் கசிவதை மாத்திரம் தடுக்கும். பூட்டி இறுக்கும்போது புரிகள் அவற்றை அறுத்துக்கொண்டு ஒன்றையொன்று தொடுவதால் அவற்றை மின்காப்பாக நம்புதல் கூடாது.

3. அளவைக் கவனித்தல். பெரிய இரும்புப் பாகத்திற் சிறிய பித்தளை ஆணி இருப்பது பெருந்தீங்கன்று. பெரிய பித்தளைப் பாகத்திற் சிறிய இரும்பு ஆணி இருப்பது ஆபத்தானது. அரிப்பு முழுவதும் அச்சிறு ஆணியின்மேல் விழும். ஆகையால் ஆணிகளும் திருகுகளும் அவை பிணைக்கும் பாகத்தின் உலோகமாகவோ, வரிசையில் அதற்குச் சற்றுப் பின்னே நிற்கும் உலோகமாகவோ இருத்தல் வேண்டும்.

4. வர்ணம் பூசுதல். துருப்பிடிப்பது இரும்பு என்பதால் இரும்புக்கு மாத்திரம் வர்ணம் பூசுவது பலரது வழக்கம். இது போதாது. வர்ணத்தில் ஒரு கீறல் விழுந்தால் அரிப்பு முழுவதும் அக்கீறலிற் குவிந்து துளையாக்கும். பித்தளைக்கும் சேர்த்து வர்ணம் பூசவேண்டும். ஒன்றுக்குத்தான் பூச முடியுமாயின் பித்தளைக்குப் பூசுவதே பயன்தரும்.

5. காப்புத்துண்டு பூட்டுதல். எப்பொழுதும் நீருள் நிற்கும் பம்பிகளுக்கும் குழாய்களுக்குமே இது பொருந்தும். வேலை முடிந்ததும் வெளியே எடுக்கப்படும் பம்பிக்கு இது வேண்டியதில்லை. ஏனெனில் நீருக்கு வெளியே காப்புத்துண்டு வேலைசெய்யாது. கடலில் நாகம் சிறந்தது. நன்னீரில் நாகத்தின்மேல் கடினமான படலம் உண்டாகி அதன் வேலை குன்றக்கூடும். ஆதலால் மகாவலி போன்ற நன்னீரில் மகனீசியமே ஏற்றது. துண்டு, காக்கப்படும் உலோகத்தைச் சுத்தமாகத் தொட்டுக்கொண்டிருத்தல் வேண்டும். இடையிற் துருவோ வர்ணமோ இருத்தலாகாது. துண்டின்மேல் ஒருபோதும் வர்ணம் பூசலாகாது. பாதி தேய்ந்ததும் மாற்றிவிடவேண்டும். பல மாதஞ் சென்றும் துண்டு சிறிதும் தேயாதிருப்பின் அது நற்குறியன்று. தொடர்பு அறுந்துவிட்டது எனக் கொள்ளவேண்டும்.

6. பசளையையும் மருந்தையும் கழுவுதல். பசளைக் கரைசல்கள் நீரின் மின்கடத்தும் தன்மையைக் கூட்டி அரிப்பை விரைவாக்கும். பொற்றாசியம் குளோரைட்டு அலுமினியத்துக்கும் துருப்பிடிக்காத உருக்குக்கும் தீங்கானது. அமோனியாவைத் தரும் பசளைகள் பித்தளையை வெடிக்கச் செய்யும். செப்புச் சேர்ந்த பூசணநாசினிகள் இரும்பிலும் அலுமினியத்திலும் செம்பைப் படியவிட்டு, பின்னர் வெறும் நீரிலும் அரிப்பைத் தொடரச் செய்யும். ஆதலாற் பம்பியின் வழியாகப் பசளை விட்டால், கடைசியிற் சில நிமிடங்கள் நல்ல நீரை ஓடவிடல் வேண்டும். தெளிகருவிகளையும் வேலை முடிந்த அன்றே கழுவ வேண்டும். கழுவிய நீரை ஆற்றிலோ கிணற்றருகிலோ ஊற்றலாகாது.

7. போகம் முடிந்தபின் பேணுதல். பம்பியின் உடலிலுள்ள நீரை வடிகால் ஆணியைக் கழற்றி முற்றாக வெளியேற்றி, உலரவிட்டு, ஈரமற்ற இடத்தில் வைத்தல் வேண்டும். திருகாணிகளுக்குக் கிறீசு பூசலாம். ஆனால் காரீயம் கலந்த கிறீசை அலுமினியத்திற் பூசலாகாது. வரிசையின் கடைசியில் நிற்கும் காரீயம் அலுமினியத்தை அரிக்கும்.

மின்பம்பியின் பாகங்கள் வழக்கத்துக்கு மாறாக மிக விரைவில் அரிக்கப்பட்டால், மின்கம்பியிலிருந்து கசியும் மின்னோட்டமும் காரணமாக இருக்கலாம். அது உலோகத்துக்கு மட்டுமன்றி உயிருக்கும் ஆபத்தாகும். மின்னிணைப்பைத் துண்டித்து, தேர்ந்த மின்தொழிலாளரைக் கொண்டு சோதிக்கும்வரை பம்பியையும் அதன் குழாயையும் தொடலாகாது.

மேலே கூறியவற்றுட் பெரும்பாலானவை பணச்செலவு மிகுந்தவையல்ல. ஒரு பிளாத்திக்கு இணைப்பு, சிறிது வர்ணம், போக முடிவில் ஒரு மணிநேர வேலை ஆகியனவே வேண்டப்படுவன. பெரும்போகத்துக்கு முன் ஒருமுறையும் சிறுபோகத்துக்கு முன் ஒருமுறையும் உறிஞ்சுகுழாயைத் தூக்கிப் பொருத்துகளைச் சோதிக்கும் கமக்காரர், பயிர் பூத்து நிற்கும் நாளில் நீரின்றித் தவிக்க நேராது. பாகங்களைத் தெரிவுசெய்வதில் ஐயமுடையோர் தத்தம் பகுதியின் கமநல சேவை நிலையத்துக்குச் சென்று விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையைப் பெறுதல் நன்று.